மெஷினுக்குப் பூசிய சந்தனம்

செய்தி வந்தபோது காலை பதினொன்றே கால். மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. கவிப்பிரியா மாடி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, சென்னையில் இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத ஓர் அடுக்குமாடி வீட்டின் கூடத்துக்குத் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தாள். போனில் துரைக்கண்ணுவின் பெயர் வந்தது. மாமனாரின் கரும்பை ஆலைக்கு ஏற்றிப்போகும் டிராக்டர்காரர் அவர். மாமாவின் போனில் சார்ஜ் தீர்ந்திருக்கும், அதனால் இவருடைய போனிலிருந்து கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு, எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்.

"சொல்லுங்க மாமா, சாப்பாட்டுக்கு வந்துடுவீங்களா?"

மறுமுனையில் வந்தது மாமாவின் குரல் இல்லை.

"நான் துரைக்கண்ணும்மா. திருவாலங்காட்லேர்ந்து பேசறேன். பாலமுருகன் கீறானா ஊட்ல?"

"அவரு டூட்டிக்குப் போயிட்டாரே. இன்னாண்ணா?"

"வண்டி ஆலை லைன்ல நின்னுகினு இருந்திச்சி. ஒங்க மாமனாரு டீ குடிச்சாரு. மரத்தடில சாஞ்சி உக்காந்தாரு. தூங்கறாருன்னுதாம்மா நாங்க நெனச்சிகினு இருந்தோம்... ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு வந்துட்டோம். டாக்டரு பாத்துட்டு உசுரு இல்லன்னுட்டாரு. நீ பாலமுருகனுக்கு போன் போட்டுச் சொல்லும்மா. என்னால முடியல."

அந்த நிமிடம் அவளுக்கு அழுகை வரவில்லை. திரையின் வலது மூலையில் இருந்த சின்ன எண்ணைப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் எத்தனை டிகிரி சூடு என்று காட்டும் எண் அது. வீட்டில் இருக்கும் நாட்களில் ஏறக்குறைய இந்த வேளைக்குக் கீழேயிருந்து மாமாவின் குரல் வரும். "கவீ, இன்னிக்கி ஜொரம் எவ்ளோம்மா?" அவள் எண்ணைச் சொல்வாள். எழுபதுக்குக் கீழே இருந்தால் "ஆங்" என்று ஒரு சத்தம், திருப்தியாக. எழுபதைத் தாண்டினால் படியில் செருப்புச் சத்தம் கேட்கும்.

மாமனார் வேணுவுக்கு அறுபத்து மூன்று வயது. திருத்தணியில் சித்தூர் சாலையை ஒட்டிய தெருவில் வீடு. ஊருக்கு வெளியே கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் நெல். மனைவி இறந்த பிறகு, மகன் பாலமுருகன் ஓசூரில் வேலைக்கு இருந்த சில வருடங்கள் அந்த வீட்டில் தனியாக இருந்தார். நிலத்துக்குப் போகும்போதும் டி.வி.யை அணைக்கமாட்டாராம். திரும்பிவந்து கதவைத் திறக்கும்போது உள்ளே யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும். அது செய்தியானாலும் சரி, புடவை விளம்பரமானாலும் சரி. இதைக் கவிப்பிரியாவிடம் சொன்னது பாலமுருகன்தான். அவர் சொன்னதில்லை. ஆனால் அவள் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த பிறகு, பாலமுருகனும் திருவள்ளூரிலேயே வேலை தேடிக்கொண்டு ரயிலில் போய்வர ஆரம்பித்த பிறகு, அந்த டி.வி. பெரும்பாலும் அணைந்தேதான் கிடந்தது. யுவஸ்ரீ பிறந்த பிறகு அதற்கு வேலையே இல்லை. பேத்தி அழுதாலும் அவருக்குப் பிடிக்கும். "பாரேன், தொண்டை எப்டி கீது பாரேன்" என்பார்.

கவிப்பிரியா அம்மையார்குப்பத்துப் பெண். கட்டடக்கலை படித்தவள். கட்டப்போகும் வீடுகளைக் கட்டி முடித்ததுபோலவே படமாக்கித் தருவது அவள் வேலை. குழந்தை பிறந்த பிறகு சென்னைக் கம்பெனி அவளை வீட்டிலிருந்தே வேலை செய்ய விட்டது. அதற்கு வலுவான கம்ப்யூட்டர் வேண்டும். பாகங்களைத் தனித்தனியாக வாங்கிவந்து கூடத்தில் பாய் விரித்து அவளே பூட்டினாள். வேணு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, திருகாணிகளை ஒரு டிபன் பாக்ஸ் மூடியில் ஏந்திக்கொண்டு கேள்வி கேட்டார்.

"ஏம்மா, கடையில செஞ்சதா குடுக்கமாட்டானா?"

"நானே செஞ்சா எது எங்க இருக்குன்னு தெரியும் மாமா. பூட்டுனவங்களாலதான் கழட்ட முடியும்."

"அதுவும் சரிதான்." பிறகு, அவள் ஒரு சின்ன ஊசிக்குழலிலிருந்து சாம்பல் நிறப் பசையைப் பிதுக்கியபோது, "இது இன்னாது, பல்லு வெளக்கறதா?"

பிராசஸர் என்கிற சில்லுதான் பெட்டியிலேயே அதிகம் சூடாவது. அதன் சூட்டை உறிஞ்சி வெளியே தள்ள, விசிறி வைத்த அலுமினியத் தகடு ஒன்று மேலே உட்காரும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி இல்லாமல் சூட்டைக் கடத்துவதற்குத்தான் அந்தப் பசை. இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று அவள் யோசித்தாள். பக்கத்தில் யுவஸ்ரீ தூங்கிக்கொண்டிருந்தாள். அதற்கு முந்தின வாரம்தான் மலைக்கோயிலில் குழந்தைக்கு முதல் மொட்டை போட்டிருந்தார்கள். கத்திக் கத்தி முகம் சிவந்த குழந்தை, தலையில் சந்தனம் பூசியதும் சட்டென்று அடங்கிப்போயிருந்தது.

"யுவா மண்டையில சந்தனம் பூசினோமே மாமா, அது மாதிரி. சூடு எறங்கறதுக்கு."

"ஓ" என்றார் வேணு. மதிப்போடு அந்தச் சில்லைக் குனிந்து பார்த்தார். "இம்மாத்துண்டு மண்டை. அதுக்குள்ள இம்மாம் சூடா."

முதல் படம் வெளியே வந்தபோது அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். வெள்ளைச் சுவர், பச்சை சோபா, ஜன்னலுக்கு வெளியே கடல்.

"யார் ஊடும்மா இது?"

"இன்னும் கட்டலை மாமா."

"கட்டாத ஊட்டுக்கு இன்னாத்துக்கு சோபா?" என்று கேட்டுவிட்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அந்தப் பக்கம் ஒரு கயித்துக் கட்டலு போட்டா நல்லா இருக்கும்."

அவள் போட்டாள். அவர் பார்த்துச் சிரித்த பிறகு எடுத்துவிட்டாள்.

மாடி அறையில் குளிர்காலம் முழுக்க மெஷின் சமர்த்தாக ஓடியது. சித்திரை வந்ததும் அதன் குணம் மாறியது. திருத்தணி வெயில் கொஞ்சநஞ்சமானது அல்ல. மலைப்பாறைகள் பகலெல்லாம் காய்ந்து, சாயங்காலம் அந்தச் சூட்டை ஊருக்குள் விடும். மேற்குச் சுவரில் கை வைக்க முடியாது. ஒரு படத்தை முழுசாக்க மெஷின் நாலைந்து மணி நேரம் ஒரே மூச்சில் ஓட வேண்டும். எண் எண்பதாகும், தொண்ணூறாகும், விசிறிகள் பேய் பிடித்ததுபோல் கத்தும். பிறகு சட்டென்று எல்லாம் இருண்டுபோகும். சூடு எல்லை மீறினால் எரிந்துபோகாமல் இருப்பதற்காகத் தானே அணைந்துகொள்ளும் மெஷின் அது. நாலு மணி நேர வேலை அதோடு போய்விடும்.

ஏ.சி. போடலாம் என்றான் பாலமுருகன். கோடையில் அந்தத் தெருவுக்கு வரும் கரெண்டில் மிக்சியே முனகும். பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றி மேஜை விசிறியை வைத்தாள். சாலையில் போகும் ஜல்லி லாரிகளின் தூசு முழுக்க உள்ளே போய் உட்கார்ந்தது. வேணு தன் பங்குக்கு ஜன்னலில் ஈரச் சாக்கைக் கட்டினார். அறை குளிர்ந்தது, உண்மைதான். ஆனால் காற்றில் ஈரம் ஏறியது. ஈரம் மெஷினுக்கு ஆகாது என்று அவள் பயந்து அவிழ்க்கச் சொன்னபோது, அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "மாட்டுக்கு ஆவுது, மனுசனுக்கு ஆவுது, இதுக்கு மட்டும் ஆவாதா? ரொம்ப நோஞ்சான்மா இது" என்று மெஷினைத் திட்டிக்கொண்டே அவிழ்த்தார்.

அந்த வைகாசியில் இரண்டு படங்கள் தாமதமாகப் போயின. கம்பெனியில் அவளுக்கு மேலே இருக்கும் அனுராதா கூப்பிட்டாள். நல்லவள்தான். ஆனால் கணக்காகப் பேசுகிறவள்.

"கவி, உன் வேலையில குறையே இல்ல. ஆனா கிளையன்ட் கிட்ட வெயில்னு காரணம் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தரவேண்டியது மட்டும் தள்ளிப்போச்சுன்னா, நீ ஆபீசுக்கே வந்துடறதுதான் வழி. இங்க ஏ.சி. இருக்கு, நல்ல மெஷின் இருக்கு."

அப்படி நடந்தால் சென்னையில் வீடு பார்க்க வேண்டும். குழந்தையைக் கூட்டிக்கொண்டு குடும்பமே போகவேண்டும். மாமா நிலத்தை விட்டு வரமாட்டார். இதையெல்லாம் அன்று சாயங்காலம் அவள் தன் அம்மாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். "பேஸ்ட் காஞ்சிபோயிருக்கும்மா, அதான் இவ்ளோ சூடு. ஆர்டர் போட்டிருக்கேன், இன்னும் வரல. வெள்ளிக்குள்ள வரலைன்னா கஷ்டம்தான். மெட்ராசுக்குத்தான் போகணும்." வேணு படியில் உட்கார்ந்து பேத்தியின் செருப்புக்கு வார் போட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

வியாழக்கிழமை அம்மையார்குப்பத்தில் சித்தப்பா வீட்டுப் புதுமனை புகுவிழா. குழந்தையோடு போய்விட்டு, வெள்ளிக்கிழமை காலை திரும்பினாள். பெட்டியின் மேல் மஞ்சள்மேல் குங்குமமாக ஒரு பொட்டு இருந்தது. வெள்ளிக்கிழமை, மாமா சாமி கும்பிட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு மெஷினைப் போட்டாள். எண்ணைப் பார்த்ததும் நம்ப முடியவில்லை. அறுபத்தாறு. படத்தை ஓட விட்டுவிட்டுக் கீழே வந்து சமையலைக் கவனித்தாள். வேணு அன்று நிலத்துக்குப் போகவில்லை. முற்றத்தில் ஒன்றுமில்லாத வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

"ஜொரம் எவ்ளோம்மா?"

"அறுபத்தாறு மாமா. இன்னான்னே தெரியல, தானா எறங்கிடுச்சி."

அவர் "ஆங்" என்றார். அந்த "ஆங்"கில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெருமை இருந்ததை அவள் அப்போது கவனிக்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து மேலே போனபோது அறை முழுக்கச் சந்தன வாசனை. முதலில் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஊதுபத்தி ஏற்றினோமா என்று யோசித்தாள். சுவாமி படத்தைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். வாசனை வரவரக் கூடியது. திரும்பித் திரையைப் பார்த்தால் தொண்ணூற்றொன்று. குனிந்து பெட்டிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். விசிறியிலிருந்து சூடாக வந்தது, கோயில் கர்ப்பக்கிருகத்து வாசனை. அவள் கை நீட்டுவதற்குள் மெஷின் அணைந்தது.

கதவைக் கழற்றி, விசிறியைக் கழற்றி, தகட்டைத் தூக்கினாள். பிராசஸரின் மேல் சந்தனம். கொஞ்சமாக அல்ல, ஒரு பெரிய ஆளின் மொட்டைக்குப் பூசும் தாராளத்தில். ஈரம் இருந்தவரை சூட்டைக் கடத்தியிருக்கிறது. இப்போது காய்ந்து, வெடித்து, கோடை ஏரியின் தரைபோலப் பாளம் பாளமாக. ஒரு பக்கம் வழிந்து, மயிரிழை தாண்டினால் போர்டையே தொட்டிருக்கும்.

"மாமா!"

அவர் ஏற்கெனவே வாசற்படியில்தான் நின்றிருந்தார்.

"இது யாரு வேலை?"

"மலைச் சந்தனம்மா" என்றார், அதுவே முழு விளக்கம் என்பதுபோல. "கடையில வாங்கல. விடிகாலம் குளிச்சிட்டு படியேறிப் போயி, சன்னதில கேட்டு வாங்கியாந்தேன். நீ பூட்டும்போது பாத்தேனே, அப்பிடியே கழட்டிப் பூசினேன்."

மலைக்கோயில் சந்தனம் தீராத நோயையும் தீர்க்கும் என்பதில் அந்தப் பக்கத்தில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. சூடு, ஜுரம், அக்கி, எதுவானாலும் முதலில் அதுதான். கவிப்பிரியாவுக்கே சின்ன வயதில் அம்மை கண்டபோது பூசியிருக்கிறார்கள். ஆனால் அப்போது அவளுக்கு அதெல்லாம் நினைவில் இல்லை.

"சாமிக்குப் பூசுனா நிக்கும் மாமா. இது தொண்ணூறு டிகிரி! தண்ணி உள்ள போயிருந்தா இன்னா ஆயிருக்கும் தெரியுமா? மொத்தமா போயிருக்கும்!"

"நீதானம்மா சொன்ன, கொழந்த மண்டையில பூசற மாதிரின்னு."

சொன்னது அவள்தான்.

"நீ மெட்ராசுக்குப் போறேன்னு பேசிகினு இருந்த. அதான்..."

"போறேன்னு சொல்லல மாமா. போகவேண்டி வரும்னு சொன்னேன்."

"எனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் வேணு. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் அவ்வளவு நேராகப் பேசி அவள் கேட்டதில்லை. அவளுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. கையில் தகடு, தகட்டில் சந்தனம். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், கடைசியில் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. "பொழைக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

"பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுங்க. அப்புறம் பஜார்ல கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் போயி, தெர்மல் பேஸ்ட்னு கேட்டு வாங்கியாங்க."

தன் டி.வி.எஸ். வண்டியை எடுத்துக்கொண்டு போனவர் வெகுநேரம் வரவில்லை. திருத்தணியில் கடை மூடியிருந்ததாம். யாரோ அரக்கோணத்தில் கிடைக்கும் என்றார்களாம். பட்டப்பகல் வெயிலில் அரக்கோணம்வரை போய்விட்டு, சட்டைப்பையில் அந்தச் சின்ன ஊசிக்குழலை வைத்து, பையின்மேல் கையை வைத்து அழுத்தியபடியே திரும்பிவந்தார். கடைக்காரரிடம் பேரைச் சொல்ல வராமல், "மெஷின் மண்டைக்குப் பூசற மருந்து" என்று கேட்டாராம். கொடுத்துவிட்டான் புண்ணியவான்.

அவள் பூசியபோது டார்ச் பிடித்தார். ஒரு பட்டாணி அளவு மட்டும் வைத்ததைப் பார்த்து, "அவ்ளோதானா?" என்றார்.

"அவ்ளோதான் மாமா. ஜாஸ்தி பூசினாலும் சூடு எறங்காது."

"அப்போ நான் பூசினது ரொம்ப ஜாஸ்திதான்" என்று ஒத்துக்கொண்டார்.

படம் வெள்ளிக்கிழமை போகவில்லை. சனிக்கிழமை காலை போனது. சாயங்காலம் பாலமுருகன் வந்து விஷயத்தைக் கேட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நைனா, அடுத்த கிருத்திகைக்கு மெஷினுக்குக் காவடி எடுத்துடலாமா?" "உனுக்குத்தான்டா மொதல்ல மொட்டை அடிக்கணும்" என்றார் வேணு.

அனுராதா காரணம் கேட்டபோது, கவிப்பிரியாவுக்குப் பொய் சொல்லத் தெம்பு இல்லை. நடந்ததைச் சொன்னாள். அனுராதா சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல், "இரு, இரு" என்று போனைத் தள்ளிவைத்துவிட்டு வந்தாள். "வாழ்க்கையில இந்த மாதிரி ஒரு காரணம் எனக்கு யாரும் சொன்னதில்ல" என்றாள். பிறகு பழைய குரலுக்குத் திரும்பி, "அடுத்த கோடை வரைக்கும் பார்க்கலாம் கவி. அதுலயும் மெஷின் நின்னா, நீ இங்கதான். இதுக்கு மேல என்னால தள்ளிப்போட முடியாது" என்றாள்.

அவள் அதை அப்படியே மாமாவிடம் சொன்னாள். ஒளிப்பதில் இனிப் பயன் இல்லை என்று தெரிந்திருந்தது.

ஐப்பசி மழை விட்டதும் அவர் மாடி அறைக்கு வந்து, சுவர்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார். வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் கூரைக்குக் கீழே திறப்பு விட்டிருப்பார்கள், அடுப்புச் சூடு அதன் வழியே போய்விடும், இந்த அறைக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்றார். வடக்குச் சுவரின் உச்சியில் ஒரு துளை போட்டு, சூட்டை வெளியே இழுக்கும் விசிறியை வைத்துவிட்டால், மெஷினுக்கும் அவளுக்கும் நல்லது. கவிப்பிரியாவும் யோசித்துப் பார்த்தாள். சரிதான். மெஷின் வெளியே தள்ளும் சூடு அறைக்குள்ளேயே சுற்றித் திரும்ப அதற்குள்தான் போய்க்கொண்டிருந்தது. எந்த உயரம், எவ்வளவு அகலம் என்று இரண்டு பேரும் சேர்ந்து சுவரில் கரிக்கட்டியால் வரைந்தார்கள். கொத்தனாரைக் கூப்பிடலாம் என்றதற்கு, "அவன் வந்தா செவுத்தையே பேத்துடுவான்" என்று சொல்லி, உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு தானே ஆரம்பித்தார். அவள் ஆபீஸ் போனில் பேசும்போது மட்டும் தட்டுவதை நிறுத்துவார். போனை வைத்ததும், "பேசிட்டியா?" என்று கேட்டுவிட்டுத் தொடர்வார். யுவஸ்ரீ ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு கீழே தன் உயரத்தில் அதே சுவரைத் தட்டுவாள்.

தை மாதம் ஆலையிலிருந்து கரும்புக்கு வெட்டு உத்தரவு வந்ததால் வேலை நின்று நின்று நடந்தது. வெட்ட ஆள் வராத நாட்களில் அவர் ஏணிமேல் இருப்பார். மாசி பிறந்தபோது விசிறி சுவரில் ஏறிவிட்டது. வெளிப்பக்கம் குருவி வராமல் வலையும் அடித்துவிட்டார்.

மாமாவின் காரியங்கள் முடிந்த பிறகு ஒருநாள் பாலமுருகன் மாடிக்கு வந்தான். ஜன்னலோரம் நின்று, மலையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"நைனாவுக்காகத்தான் நாம இங்க இருந்தோம். இனிமே இன்னா? நீ எதுக்கு இந்தச் சூட்ல கஷ்டப்பட்டுகினு... சென்னைக்கே போயிடலாமா கவி? நிலத்த குத்தகைக்கு வுட்டுடலாம். துரைக்கண்ணு அண்ணனே கேட்டாரு."

கீழே யுவஸ்ரீ யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். நாயாக இருக்கும்.

"போகவேணாங்க" என்றாள்.

"யோசிச்சிச் சொல்லு. அவசரம் இல்ல."

"யோசிச்சிட்டேன். நெலத்த துரைக்கண்ணு அண்ணனே பாத்துக்கட்டும். நாம இங்கதான் இருக்கப்போறோம். மெஷின் ஓடும்."

அனுராதாவிடமும் அதையே சொன்னாள். அனுராதா வாதாடவில்லை. கோடை போகட்டும், பார்க்கலாம் என்றாள்.

இப்போது பங்குனி முடியப்போகிறது. மத்தியானத்தில் எண் எழுபத்தைந்துக்கு ஏறிவிடுகிறது. பாலமுருகன் இரண்டு முறை எலக்ட்ரீஷியனைக் கூப்பிடவா என்று கேட்டுவிட்டான். கூப்பிடலாம் என்றுதான் அவளும் சொல்லியிருக்கிறாள். கடைசியாக ஆலைக்குக் கிளம்பின அன்று காலையில், விசிறியிலிருந்து சுவரோரமாகச் சுவிட்ச் பெட்டிவரை மாமா ஒயர் இழுத்து, கிளிப் அடித்து முடித்திருந்தார். "கரெண்ட்டு வேலை, அவசரத்துல செய்யக்கூடாது. இந்த லோடு போட்டுட்டு வந்து கனெக்‌ஷன் குடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டு, ஒயரின் இரண்டு முனைகளிலும் குழந்தையின் கை பட்டுவிடக் கூடாதென்று கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டுப் போனார். அந்த ஒயர் இன்னும் இணைக்கப்படவில்லை.